சிப்லி வென்னின் செப்பு அண்டா

மாரோகூமில் புருஷன் செத்த வீட்டில் பெண்டாட்டி திடீரென்று பெருத்துவிடுவாள். அடக்கம் முடிந்து, சாமான் எழுத ஆட்கள் வருகிற அந்த ஒரு நாளைக்கு மட்டும். மறுநாள் பார்த்தால் பழையபடி இளைத்திருப்பாள். இதைப் பற்றி ஊரில் யாரும் வியப்படைவதில்லை.

செத்தவர் வீட்டில் அசைக்கக்கூடிய பொருள் எல்லாவற்றையும் அறை அறையாகப் போய்ப் பார்த்து, பெயர் சொல்லி, விலை போட்டு எழுதி, நகரத்திலிருந்த திருச்சபை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். நானூறு வருஷத்துக்கு முன்னால், ஆங்கில நாட்டில் அரசர் சார்லஸ் பட்டத்துக்கு வந்த புதிதில், சாமர்செட் மலைப்பக்கத்தில் எல்லா ஊரிலும் இதுதான் முறை. முதலில் செத்தவரின் துணிமணி, பிறகு கூடம், மாடியறை, சாமான் அறை, கொல்லை. புகைபோக்கிக்குள் தொங்கும் பன்றி இறைச்சியை எழுதுவார்கள். தேன்கூட்டை எழுதுவார்கள். சாணிக் குவியலைக்கூட எழுதுவார்கள். எழுதியதெல்லாம் உயிலில் பேர் உள்ளவருக்குப் போய்விடும். எழுதாமல் விடுவது ஒன்றுதான்: விதவையின் உடம்பில் இருக்கிற துணி.

உடம்பில் எவ்வளவு இருக்கலாம் என்று யாரும் வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவள் சிப்லி வென்.

ஆட்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் துக்கம் விசாரிக்கிற மாதிரி உள்ளே போவாள். கதவைச் சாத்திக்கொள்வாள்.

"அழுதது போதும், எழுந்திரு. அந்த நல்ல பாவாடைய உள்ள கட்டு. அதுக்கு மேல இது. கம்பளிய இடுப்புல சுத்து. இன்னும் இறுக்கு."

"மூச்சு முட்டுது அக்கா."

"முட்டட்டும். துக்கத்துல முட்டுதுன்னு நெனச்சுப்பாங்க. ஸ்பூன் எங்க?"

"காலுறைக்குள்ள வச்சிருக்கேன்."

"எல்லாத்தையும் ஒரே காலுல வைக்காதடி, நடந்தா மணி அடிக்கும்."

பிறகு ஆட்கள் வருவார்கள். தோல் பதனிடுகிற டிரிஸ்ட்ரம் ஹேர்டுக்கு விலை போடுவதில் அந்த வட்டாரத்திலேயே மதிப்பு உண்டு. நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்கும் விதவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றுவார். "பாவம், துக்கத்துல ஒடம்பு ஊதிப்போச்சு" என்பார். அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி இருந்தாள். ஒருநாள் அவளும் ஊதவேண்டி வரலாம்.

சிப்லிக்கு எழுதத் தெரியாது. சாமான் எழுதும் வேலை ஆண்களுடையது. ஆனால் ஆண்களுக்கு மாடு தெரியும், ஏர் தெரியும், தறி தெரியும். மாடியறைப் பெட்டியைத் திறந்தால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது துணி, துணி, மேலும் துணி. எது மேஜைக்கு, எது தலையணைக்கு, எது பிள்ளைப் பேற்றுக்கென்று ஒதுக்கி வைத்தது என்று பிரித்துச் சொல்ல ஒரு பெண் வேண்டியிருந்தது. முதலில் துணிக்கு மட்டும் கூப்பிட்டார்கள். பிறகு சமையல் பாத்திரத்துக்கும் கூப்பிட்டார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் அவள்தான் என்றாயிற்று. சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். பெயரைச் சொல்வாள். "பழசு", "கிழிஞ்சது", "இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்று ஒரு சொல் கூட்டுவாள். தேவாலயத்து எழுத்தர் அம்ப்ரோஸ், மடியில் பலகையை வைத்துக்கொண்டு, அவள் வாயிலிருந்து என்ன வந்ததோ அதை அப்படியே எழுதுவார்.

அப்படியே என்றால் அப்படியேதான். அந்த மலைப்பக்கத்து வாய்க்கு ஃப என்ற ஒலி வ ஆகிவிடும். இறகு அடைத்த ஃபெதர் மெத்தை அவள் சொன்னால் வெதர் மெத்தை. அடுப்பு நெருப்பான ஃபயர், வயர். அம்ப்ரோஸ் கிழக்குச் சீமையிலிருந்து வந்தவர், அவர் வாயில் ஃப ஒழுங்காக வரும். ஆனாலும் தாளில் அவள் வாய்தான் ஏறியது. சேர் என்ற நாற்காலி ஒரு வீட்டில் சேயர், அடுத்த வீட்டில் சேயரே, பக்கத்து ஊரில் சளி பிடித்திருந்த நாளில் சீர். கெட்டில் என்ற பானை ஒரே தாளில் கெட்டெல், கெட்டுல், கிட்டில்லே என்று மூன்று முகத்தோடு வரும். பிளாங்கெட்டுக்கு நீளமாக ஒரு வால். டவல் எந்த நாளும் டுவாயெல். ஸ்பூனுக்கும் பெட் என்ற கட்டிலுக்கும் பின்னால் யாரும் உச்சரிக்காத ஒரு எழுத்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துதான் என்ற பழக்கம் அப்போது பிறக்கவே இல்லை. நகரத்து நீதிமன்றத்தில் இருந்தவர்களும் தங்கள் பெயரையே நாளுக்கு ஒருவிதமாக எழுதினார்கள். எந்த எழுத்தானாலும் வாய்விட்டுப் படிக்கும்போது பானை என்று காதில் விழுந்தால் சரி. ஒருமுறை மட்டும் அம்ப்ரோஸ் பேனாவை நிறுத்திக் கேட்டார்.

"சிப்லியம்மா, தலையணை உறையப் போன வீட்டுல ஒரு மாதிரி சொன்னே. இங்க வேற மாதிரி சொல்றே. எத எழுதறது?"

"போன வீட்டு உறை போன வீட்டுல கெடக்கு. இது இந்த வீட்டு உறை. நான் சொல்றத எழுதுங்க."

அம்ப்ரோஸ் எழுதினார்.

இவ்வளவும் அவளுக்குப் பக்கத்து வேலை. பிழைப்பு வேறு. சிப்லி பார்லி மது காய்ச்சி விற்றாள். ஊறல் பதமாகிவிட்டால் வாசல் கம்பத்தில் இலைக்கொத்தைக் கட்டுவாள். அதைப் பார்த்ததும் கீழ்த்தெரு முழுக்கக் குவளையோடு வரும். அவள் மது தெளிவாக இருக்கும். காரணம் அவள் அண்டா. வேறு வீடுகளில் செப்பு அண்டாவை அடுப்பில் வைத்துச் சுற்றிலும் களிமண்ணால் பூசிவிடுவார்கள். அடியில் கரி சேர்ந்து, மேலே ஏறி, விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். சிப்லி தன் அண்டாவை ஒவ்வொரு வசந்தத்திலும், ஈஸ்டருக்கு முன்னால், அடுப்பிலிருந்து எடுத்துவிடுவாள். முதுகில் கவிழ்த்துக்கொண்டு ஓடைக்குப் போவாள். எதிரே வருகிறவர்களுக்கு இரண்டு காலும் ஒரு செப்பு ஓடும் மட்டும் தெரியும்.

"ஆமை வருது, வழி விடுங்கடோய்!"

"ஆமைதான்டா! உன் பொண்டாட்டி அண்டாவத் திருப்பிப் பாரு, உள்ள காக்கா கூடு கட்டியிருக்கும்!"

ஓடை மணலும் குதிரைவால் புல்லும் போட்டுத் தேய்ப்பாள். அண்டா சூரியனைத் திருப்பி அடிக்கிற வரைக்கும் தேய்ப்பாள். ஊர் முழுக்க அதைப் பார்க்கும். பார்க்கவேண்டும் என்றுதான் அவளும் நடுப்பகலில் போவாள். அவளுக்கு இருந்த ஒரே பெருமை அது.

பெட்ரனெல் பிட்டின் விவகாரம் நடந்தது இதற்கு நடுவில்தான். பெட்ரனெல்லும் கீழ்த்தெருவில் மது காய்ச்சியவள். அவள் புருஷன் காய்ச்சலில் போனான். சாமான் எழுத வந்த அன்று அவள் முறைப்படி பெருத்து நின்றாள், அதுவரை குறையில்லை. அடுப்படிக்கு வந்தபோது தகராறு. அசைகிற சாமான் எல்லாம் உயில்படி அவள் மைத்துனனுக்கு. வீடும் வீட்டோடு சேர்ந்ததும் மாரோகூம் பண்ணையின் வழக்கப்படி விதவைக்கு. மறுகல்யாணம் செய்யாமல் இருக்கிற வரை அவளை அசைக்க முடியாது. அடுப்பில் பூசியிருந்த அண்டா எதில் சேர்த்தி? டிரிஸ்ட்ரம் தாடியைச் சொறிந்தார். அம்ப்ரோஸ் பேனாவை மையில் தோய்த்துத் தோய்த்து எடுத்தார். எல்லாரும் சிப்லியைப் பார்த்தார்கள்.

"ஒரு கையால இழுத்தா வந்துருச்சுன்னா சாமான்" என்றாள் சிப்லி. "கடப்பாரை கேட்டா வீடு."

நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மைத்துனன் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு இழுப்பு இழுத்தான். பழைய களிமண், பொரபொரவென்று உதிர்ந்தது. அண்டா கையோடு வந்துவிட்டது.

அதன்பிறகு பெட்ரனெல் அடுத்தவர் ஆட்டு ரோமத்தைக் கம்பளி நூலாக நூற்றுக் கொடுத்துச் சாப்பிட்டாள். கீழ்த்தெருவில் மது காய்ச்சுகிறவள் என்று சிப்லி ஒருத்திதான் மிஞ்சினாள். அதை யோசித்துத்தான் அப்படிச் சொன்னாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா என்று ஊரில் இரண்டு கட்சி இருந்தது. சிப்லி எந்தக் கட்சிக்கும் பதில் சொல்லவில்லை. பெட்ரனெல் அவளிடம் பேசுவதை நிறுத்தினாள். அவள் வீட்டு மதுவையும் தொடவில்லை. ஓடைத் தண்ணீரைக் குடித்தாள், ஓடைத் தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

ஒரு வழக்கம் ஒருமுறை நடந்துவிட்டால் மாரோகூமில் அது சட்டம். அடுத்தடுத்த சாவு வீடுகளில் அண்டா வந்தபோதெல்லாம் "ஒரு கை" என்றார்கள். சில அண்டா வந்தன, சில வரவில்லை.

பிறகு ஜெர்வஸ் வென் செத்தார். சிப்லியின் புருஷன். வண்டிச் சக்கரம் செய்கிறவர், அதிகம் பேசாதவர். அறுவடைக் காலத்தில் ஒரு பாரவண்டிக்கு அச்சு மாற்றிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. முதல் மனைவி மூலம் அவருக்கு ஒரு மகன், பார்னபி, மலைக்கு அந்தப்பக்கம் குடும்பத்தோடு இருந்தான். உயில் அவனுக்குச் சாதகமாக இருந்தது. அசைகிற எல்லாம் அவனுக்கு. அதில் தப்பும் இல்லை. செத்தது அவன் அப்பா, அவனுக்குப் பிள்ளைகளும் நிறைய.

வீடு சிப்லிக்கு. ஆனால் அண்டா இல்லாமல் அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து சுவரைத்தான் பார்க்கவேண்டும். மது காய்ச்சாவிட்டால் பெட்ரனெல் மாதிரி அடுத்தவர் கம்பளியை நூற்கலாம். அவள் விரல்களுக்கு அந்த வேலை வராது, முட்டிகளெல்லாம் சூட்டில் வெந்து தடித்தவை. புது அண்டா வாங்குவது நினைத்துப்பார்க்கிற விஷயம் இல்லை.

அண்டா அடுப்பில் உட்கார்ந்திருந்தது. அது ஒரு கைக்கு வரும் என்பது ஊரே பார்த்த விஷயம். வருஷா வருஷம், நடுப்பகலில், அவளே காட்டியது.

அடக்கத்துக்கு மறுநாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி உதவிக்கு வந்தாள்.

"கட்டிக்கோ அக்கா. நான் இறுக்கிப் பிடிக்கறேன். எத்தன பேருக்குச் செஞ்சுவிட்டே."

"வேணாம்" என்றாள் சிப்லி. உடுத்தியிருந்த ஒரே பாவாடையோடு வந்து கூடத்தில் நின்றாள்.

டிரிஸ்ட்ரம் உள்ளே வந்து அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றியவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது, இப்படி இளைச்சு நிக்கறே?"

"எனக்குத் துக்கம் உள்ளுக்குள்ளயே நின்னுடுச்சு அண்ணே."

அவளுக்கு டிரிஸ்ட்ரமைத் தெரியும். நியாயமான மனிதர். ஒரு நாளைக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்வார், இரண்டாவது தடவை மூடமாட்டார். அந்த ஒரு தடவையைப் பாவாடைக்கும் கம்பளிக்கும் செலவழிக்க அவள் தயாராக இல்லை.

வழக்கப்படி அவளே பெயர் சொன்னாள். தன் வீட்டுச் சாமானைத் தானே சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மேஜைத் துணி, ஓரம் நைஞ்சது" என்று வேறு யார் வீட்டுத் துணி மாதிரியோ சொன்னாள். தாங்கள் படுத்திருந்த மெத்தையை வெதர் மெத்தை என்றாள், அம்ப்ரோஸ் எழுதினார். ஜெர்வஸ் செய்த நாற்காலி சேயரே என்று தாளில் இறங்கியது. ஒரு கெட்டெல். இன்னொரு கிட்டில்லே, கைப்பிடி இல்லாதது. பார்னபி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். முரடன் இல்லை. அப்பாவின் உளிகளைப் பார்த்தபோது கண் கலங்கி, வாசல் பக்கம் போய்விட்டு வந்தான்.

அடுப்படிக்கு வந்தபோது வாசலில் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். சாவு வீட்டு ரொட்டியில் மிச்சத்தை வாங்க வந்தவர்கள் என்று பேர். பெட்ரனெல்லும் நின்றாள். அந்த வாசலை அவள் மிதித்து வெகு காலம் ஆகியிருந்தது.

"அண்டா" என்றார் டிரிஸ்ட்ரம், யாரையும் பார்க்காமல். "பார்னபி, முறை உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மாமா. எங்க ஊருக்கே வந்துடுச்சு இந்த முறை." பார்னபி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். அம்ப்ரோஸ் சிரமத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முதல் எழுத்துகளை எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

பார்னபி விளிம்பைப் பிடித்து இழுத்தான்.

அண்டா வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அண்டா சும்மா இருந்தது. இரண்டாவது கையையும் கொண்டுபோனான்.

"ஒரு கை" என்றார் டிரிஸ்ட்ரம்.

ஜெர்வஸ் அந்த அடுப்பைக் கட்டியபோது உள்பக்கம் ஒரு கல்லைப் பல் மாதிரி நீட்டி வைத்திருந்தார். அண்டாவின் காது அதில் போய் மாட்டிக்கொள்ளும். வலது விளிம்பை அமுக்கி, இடப்பக்கம் கொஞ்சம் திருகினால்தான் காது கல்லைத் தாண்டும்; அதற்குப் பிறகு ஒரு விரலுக்கு வரும். நேராக இழுத்தால் இரண்டு எருது பூட்டினாலும் வராது. இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இப்போது தேவாலயத்துக் கொல்லையில் மண்ணுக்குள் இருந்தார்.

பார்னபிக்கு மூச்சு வாங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"மாமா, இது என்ன நியாயம்? இவங்க வருஷா வருஷம் இத முதுகுல போட்டுக்கிட்டு ஓடைக்குப் போறாங்க! சின்ன வயசுல நானே பின்னால ஓடியிருக்கேன். ஊரே பாத்திருக்கு. அவங்களையே இழுக்கச் சொல்லுங்க."

"அதானே, ஆமையே ஓட்டக் கழட்டட்டும்" என்று வாசலில் யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

டிரிஸ்ட்ரம் சிப்லியைப் பார்த்தார். இந்தப் பார்வையில் தயவு இல்லை, கோபமும் இல்லை.

"என்னம்மா சொல்றே?"

சிப்லி அண்டாவைப் பார்த்தாள். இழுக்கத் தெரியாது என்று பொய் சொல்ல முடியாது. இழுத்தும் வராத மாதிரி நடிக்கவும் முடியாது. அவள் கை அதில் பட்டால் தானாகத் திருகிவிடும், அவ்வளவு பழகின கை. முகம் மாறாமல் சொன்னாள்.

"நான் எடுப்பேன், இல்லேங்கல. ஆனா முறை என்ன? முதல்ல இந்த முறை பேசினது பெட்ரனெல் வீட்டுல. அன்னிக்கு யார் இழுத்தது? சாமான் எனக்குன்னு வந்தவர் இழுத்தார். வீட்டுக்காரிய யாரும் இழுக்கச் சொல்லல. அதுக்கப்புறம் எந்த வீட்டுலயும் வீட்டுக்காரி இழுக்கல."

"அது வாஸ்தவமா?" டிரிஸ்ட்ரம் அம்ப்ரோஸைக் கேட்டார்.

"நான் அண்டாவ எழுதினேன் ஐயா, யார் கைன்னு எழுதலையே."

"எனக்கும் சரியா ஞாபகம் இல்ல." டிரிஸ்ட்ரம் வாசல் பக்கம் திரும்பினார். "பெட்ரனெல், நீதான் சொல்லணும். அன்னிக்கு உன்னை இழுக்கச் சொன்னோமா?"

பெண்கள் விலகி அவளுக்கு இடம் விட்டார்கள். பெட்ரனெல் இடத்தைவிட்டு நகரவில்லை. கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். சொன்னீங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுத்துப் பேச அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் மைத்துனன் செத்துப்போயிருந்தான். மற்ற இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. அடுத்த வாரமே சிப்லி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கம்பளி நூற்பாள்.

ரொட்டியின் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள்.

"இல்ல" என்றாள். "என்னை யாரும் கேக்கல."

டிரிஸ்ட்ரம் தலையாட்ட ஆரம்பித்தார். அவள் முடிக்கவில்லை.

"கேட்டிருந்தா இழுத்திருப்பேன். வராத மாதிரி இழுத்திருப்பேன், அண்டா எனக்கே நின்னிருக்கும். இப்படி ஒரு வழி இருந்துச்சுன்னு அன்னிக்கு யாருக்கும் தோணல. இவளுக்கும் தோணல, பாவம். தன் வீடுன்னு வந்ததும் எவ்வளவு நல்லா ஞாபகம் வருது பாருங்க."

பெட்ரனெல் ரொட்டியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

"இழுக்கறது சாமான் கேக்கறவர்தான்" என்றார் டிரிஸ்ட்ரம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வரல. அண்டா வீட்டோட போகுது. எழுதினத அடிச்சுடுங்க அம்ப்ரோஸ்."

அம்ப்ரோஸ் பாதிச் சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். கடைசி வரியாக, எல்லாத் தாளிலும் எழுதுகிற மாதிரி, மறந்துபோனதும் கண்ணில் படாததும் என்று எழுதி, அதற்கும் ஒரு சின்ன விலை போட்டு, மை காய மணலைத் தூவினார்.

பார்னபி வண்டியில் மெத்தையும் நாற்காலியும் பாத்திரமும் ஏற்றினான். கடைசியாக உள்ளே வந்து அடுப்படியில் நின்றான்.

"எப்படி எடுப்பீங்க சின்னம்மா? இனிமே நான் கேக்க வரமாட்டேன். தெரிஞ்சுக்கத்தான்."

"உங்கப்பா கட்டின அடுப்பு. அவரக் கேட்டிருக்கணும் நீ."

அவன் கொஞ்சநேரம் அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனான். வண்டி மேட்டில் ஏறுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சிப்லி தரையில் வைக்கோலைப் போட்டுப் படுத்தாள். படுக்க வேறு எதுவும் வீட்டில் இல்லை.

அதற்குப் பிறகு அவள் வாசலில் இலைக்கொத்து தவறாமல் ஏறியது. வாடிக்கை குறையவில்லை, கீழ்த்தெருவில் போக வேறு இடம் கிடையாது. சாவு வீடுகளுக்கும் முன்போலவே கூப்பிட்டார்கள். விதவைகளுக்குக் கம்பளி சுற்றிவிட்டாள், ஸ்பூன்களைப் பங்கு போட்டு இரண்டு காலுறைக்குள்ளும் வைத்தாள், வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடித்துப் பெயர் சொன்னாள். அம்ப்ரோஸ் டுவாயெல் என்று எழுதினார். அண்டா வந்தால் மட்டும், "அண்ணேங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பாள்.

வசந்தம் வந்தது. ஈஸ்டருக்கு முந்திய வாரம் ஊரில் பலருக்கும் கீழ்த்தெருவில் ஏதோ வேலை இருந்தது. பார்னபியும் ஒருநாள் மலை தாண்டி வந்து, வேலியைப் பார்க்கிற மாதிரி அங்கும் இங்கும் நடந்துவிட்டுப் போனான். கேட்க வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தான், பார்க்க வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சிப்லி முதுகில் எதையும் சுமந்துகொண்டு வெளியே வரவில்லை. ஊர் அடங்கிய பிறகு எடுத்திருக்கலாம். ஆனால் செம்பு கல்லில் உரசினால் போடுகிற சத்தம் தேவாலயம் வரைக்கும் கேட்கும். அடுப்பிலிருந்து கழன்று வந்த அண்டாவை ஒரே ஒருவர் பார்த்துவிட்டாலும் போதும், வழக்கு திரும்ப ஆரம்பிக்கும்.

அந்த வருஷம் அடியில் கரி சேர்ந்தது. அடுத்த வருஷம் மேலும் சேர்ந்தது. உள்பக்கத்தை மட்டும் கை எட்டுகிற வரை, தலையை உள்ளே விட்டுத் தேய்த்தாள். விளிம்பு ஓரமாகக் கறுப்பு இறங்குவதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மதுவில் லேசாகப் புகை வாடை ஏறியது. குடிக்கிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், குடித்தார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் முதல் கரண்டியை வாயில் வைத்து, கொஞ்சநேரம் நின்று, வெளியே போய்த் துப்பிவிட்டு வருவாள்.

நான்காவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, ஒரு வறண்ட கோடையில் ஓடை வற்றியது. இலைக்கொத்து ஏறிய ஒரு நாள், குவளைக்காரர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில், பெட்ரனெல் வந்தாள். அவள் குவளையை நீட்டினாள், சிப்லி ஊற்றினாள். பெட்ரனெல் ஒரு வாய் குடித்து, நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தாள்.

"புகை நாத்தம்."

"தெரியும்."

"அடியில கரி. முன்னெல்லாம் ஓடைக்குத் தூக்கிட்டுப் போய்த் தேய்ப்பியே."

எல்லாரும் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது வீடு, பெட்ரனெல்" என்றாள் சிப்லி. "வீட்டத் தூக்கிக்கிட்டு யாராவது ஓடைக்குப் போவாங்களா?"

பெட்ரனெல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மீதியையும் குடித்தாள், அடியில் தங்கியிருந்த கறுப்பு வரைக்கும். குவளையைக் கவிழ்த்து உதறிவிட்டு, மறுபடியும் நீட்டினாள்.